வளைவு வந்ததும் மூடு

என் மனைவி என்னையும் அத்தான் என்றுதான் கூப்பிடுவாள், அவளுடைய அக்காள் புருஷனையும் அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம் அது. யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் எடுத்துக்கொண்டதில்லை, மாமனார் கடைக்கு அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிள் வந்து சேரும்வரை.

வண்டி வந்த மாதம் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே, "அத்தான் வளைவுல போறது எவ்வளவு அழகா இருக்கு" என்றாள். சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தேன். முகத்தில் சிரிப்புகூட வந்துவிட்டது.

"கொக்கு இறங்குத மாதிரில்லா இறங்குதாவ. அக்கா குடுத்து வச்சவ" என்றாள்.

அக்காள் என்ற சொல் வந்த பிறகுதான் எந்த அத்தான் என்பது எனக்கு விளங்கியது. வந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ரசம் புளிக்கிறது என்றேன். ரசம் நன்றாகத்தான் இருந்தது.

பொறாமைப்பட்டதை யாரும் எழுதிவைப்பதில்லை. கோபப்பட்டதை எழுதுகிறார்கள், ஏமாந்ததை எழுதுகிறார்கள். நான் இதை எழுதுவதற்குக் காரணம், அந்த வருஷம் நான் வேறு எதையும் அவ்வளவு ஈடுபாட்டோடு செய்யவில்லை என்பதுதான்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம். மாமனாருக்குத் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவிலிருந்து பழவங்காடிக்குத் திரும்புகிற இடத்தில், சைக்கிள் கடை. அவருக்கு ஆண்பிள்ளை கிடையாது. மருமகன்கள் நாங்கள் இரண்டு பேர். மூத்தவர், என் சகலை, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தாத்தா காலத்தில் வந்த குடும்பம். அவர் பேசுகிற தமிழில் பாதி மலையாளம் கலந்திருக்கும்; அவருக்கு எது எந்தப் பாஷை என்றே தெரியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பஸ் முதலாளியிடம் கையால் தடவியே என்ஜின் கற்றுக்கொண்டவன். கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் கூப்பிட்டதால் இங்கே வந்தேன். பள்ளிக்கூடத்தில் கிடைக்காததை எல்லாம் பிறத்தியார் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கும் இந்தக் கதையில் ஒரு அடி விழப்போகிறது.

வண்டி இங்கிலாந்திலிருந்து வந்தது. சின்ன என்ஜின்தான். ஆனால் பந்தய வண்டி மாதிரி உருவம்: கைப்பிடி தாழ்ந்து இருக்கும், கால் வைக்கிற கம்பிகள் பின்னால் தள்ளி இருக்கும். எதிர்க்கடை நாவிதர் அதில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதுல போறவன் வழியெல்லாம் கும்பிட்டுக்கிட்டே போகணும் போலிருக்கே" என்றார். மலைமேல் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிற துரைகளும் டாக்டர்களும் இந்த மாதிரி வண்டியை வாங்குவார்கள் என்பது மாமனாருடைய கணக்கு. அதற்கு வண்டியை மலைக்கு ஓட்டிப்போய், அவர்கள் கண்முன்னால் வளைவுகளில் ஓட்டிக் காட்ட ஒரு ஆள் வேண்டும்.

மாமனார் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "மாப்பிள்ளைமாரே, ரெண்டு பேருல ஒருத்தர் மேல போகணும். ஒருத்தர் கடையில இருந்து பஞ்சர் ஒட்டணும். யாருன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா எம்மக ரெண்டு பேரும் என்னைச் சும்மா விடமாட்டாளுவ. ஓட்டிப் பழகுங்க. முதல்ல வாங்க வாற ஆளு பார்த்துச் சொல்லட்டும்."

அந்த வேலை எனக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், பஞ்சர் பார்க்கும் தொட்டித் தண்ணீரில் குமிழி வருவதைப் பார்த்தாலே எழுந்து வெளியே போய்விடுவேன்.

பழகுவதற்கு நெடுமங்காடு போகிற ரோடுதான். ஊர் எல்லை தாண்டி ஓர் இறக்கம் வரும். இறக்கத்தில் முதலில் வலது பக்கம் ஒரு வளைவு, மூச்சு விடுவதற்குள் இடது பக்கம் ஒரு வளைவு. இரண்டாவது வளைவில் வெளிப்பக்கமாக, அதாவது நமக்கு வலது கைப்பக்கம், சின்னப் பாலம் ஒன்றின் வெள்ளையடித்த கைப்பிடிச் சுவர். ரோடு நடுவில் சக்கரம் பதிந்து கெட்டியாக இருக்கும். ஓரத்தில் செம்மண்ணும் பொடிக்கல்லும் உருண்டு கிடக்கும். அதில் சக்கரம் ஏறினால் அவ்வளவுதான்.

நான் ஓட்டினால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வளைவு வந்ததும் முதுகை விறைத்துக்கொள்வேன். சைக்கிளைத் திருப்புவதுபோல் கைப்பிடியைத் திருப்புவேன். வண்டி ஒரு பக்கம் சாயும், நான் பயந்து மறுபக்கம் சாய்வேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டு எப்படியோ போய்ச் சேருவோம்.

சகலை அப்படி அல்ல. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுவார். இரண்டு முட்டியும் பெட்ரோல் டாங்கை அணைத்திருக்கும். முதலில் தலை போகும். பிறகு உள்பக்கத்துத் தோள் இறங்கும். முழங்கை இரண்டும் தளர்ந்து, கன்றுக்குட்டியின் கழுத்தில் கை போட்டிருப்பதுபோல் இருக்கும். வண்டி அவருக்குக் கீழே தானாகச் சாய்ந்து, தானாக நிமிரும். எதையும் அவர் செய்வதாகவே தெரியாது. எனக்கு வயிறு எரிந்தது அதனால்தான். பாடுபட்டு ஒருவன் ஜெயித்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

அந்த வளைவின் ஓரத்தில் புளியமரத்தடியில் ஒரு அம்மை சம்பாரம் விற்பாள். இஞ்சியும் மிளகாயும் தட்டிப்போட்ட நீர்மோர். எங்கள் இரண்டு பேரையும் பத்துப் பதினைந்து நாள் பார்த்திருக்கிறாள். ஒருநாள் சகலை மேலே போயிருந்தபோது அவளிடம் போய், "ரெண்டு பேருல யாரு நல்லா ஓட்டுறாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவள் மோரைக் கலக்கிக்கொண்டே, "அங்ஙேரு வளயும். இங்ஙேரு திரியும்" என்றாள். அவர் வளைகிறார், நீர் திரும்புகிறீர். இவ்வளவு நறுக்காக ஒருவர் சொன்னால் வேறு நாளில் நான் கொண்டாடியிருப்பேன். அன்று மோரைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். இறக்கத்தின் உச்சியில் அவர் வண்டிமேல் இருந்தார், என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணாச்சி, வளைவுல நீங்க என்னதான் செய்றீங்க?"

சத்தத்தில் காது கேட்கவில்லை அவருக்கு. பெட்ரோல் கொடுக்கிற வலது கைப்பிடியை முறுக்கி மூடி, என்ஜினைத் தணித்துவிட்டு, "எந்தா?" என்றார். திரும்பக் கேட்டேன்.

"ஓ, அதா. ஒண்ணும் இல்ல சகலை. வளவு வந்த ஒடனே மூடு. மூடு தான் காரியம், கேட்டீங்களா. அது சரியாச்சுன்னா மத்ததெல்லாம் பின்னே தன்னால வரும்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவர் கை கைப்பிடியை மூடினதை என் கண்ணால் பார்த்தேன், வாய் 'மூடு' என்றதைக் காதால் கேட்டேன். இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்?

மறுநாள் நான் மூடினேன். வலது வளைவில் நன்றாகச் சாய்ந்து இறங்கும்போது பட்டென்று பெட்ரோலை மூடினேன். என்ஜின் பின்னால் பிடித்து இழுத்தது, என் பாரம் முழுக்க முன்னால் விழுந்தது, பின்சக்கரம் லேசாகி வெளியே வீசியது. அடுத்தபடியாக நான் பார்த்தது செம்மண்ணை, மிகப் பக்கத்தில். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் போயிற்று.

சகலை ஓடிவந்து தூக்கினார். வண்டியை அல்ல, என்னை முதலில். "மூடு சரியா வரல்ல, அல்லே?" என்றார்.

"மூடினேன் அண்ணாச்சி. நல்லாத்தான் மூடினேன்."

"பின்னே எப்படி விழுந்தீங்க?"

அந்த முகத்தில் இருந்த அக்கறையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுதியாயிற்று: வேண்டுமென்றே சொல்லித் தந்திருக்கிறார். நான் விழுந்து, பயந்து, பஞ்சர் ஒட்ட உட்கார்ந்துவிட வேண்டும் என்றே சொல்லித் தந்திருக்கிறார். அதை நினைத்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். இத்தனை நாள் குற்றமில்லாத ஒருவர்மேல் எரிந்துகொண்டிருந்தேன். இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

கையில் கட்டோடு இரண்டு நாள் புளியமரத்தடியில் உட்கார்ந்து அவர் ஓட்டுவதைப் பார்த்தேன். அப்போதுதான் அவரிடமும் ஒரு குறை இருப்பது கண்ணில் பட்டது. வலது வளைவில் தேவர்களும் பார்க்கலாம். ஆனால் இடது வளைவில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளியே ஒதுங்கிப் போனார். பொடிக்கல்லுக்கு நாலு விரற்கடை முன்புதான் நிமிர்ந்தார். உடம்பில் ஒரு தப்பும் இல்லை. கண்ணில் இருந்தது தப்பு. அந்த வெள்ளைச் சுவரின்மேல் மோதிவிடக்கூடாது என்று சுவரையே பார்த்துக்கொண்டு வந்தார். அதனால் வண்டியும் சுவரைப் பார்த்தே போயிற்று. வலது வளைவில் அவர் முகம் ரோடு முடிகிற தூரத்தில் இருக்கும். இடது வளைவில் முகம் சுவருக்குப் போய்விடும். அவரை அவ்வளவு நாள், அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த மனுஷன் உலகத்தில் என்னைத் தவிர வேறு யாரும் கிடையாது. அவர் மனைவிகூடப் பார்த்திருக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை அவரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோட்டத்து டாக்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி பார்க்க வருவதாக மாமனாருக்குத் தகவல் வந்திருந்தது.

"சகலை, அந்த எடது பக்கத்து வளவு எனக்குப் பிடிகிட்டல்ல. வெளிய தள்ளுது. நீங்க தான் இருந்து பார்க்கிறீங்களே, நான் என்ன தெற்று செய்றேன்?"

"தெற்றா? தப்பு ஒண்ணும் இல்லியே அண்ணாச்சி. நல்லாத்தான் இருக்கு."

"ஒறப்பா?"

"ஒறப்பா, நிச்சயமா."

அவர் நம்பினார். எழுந்துபோகும்போது என் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மருந்து மாற்றச் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி அந்தக் கட்டை அவிழ்த்து, காயத்தில் ஒட்டியிருந்த பழைய மருந்தை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்படியா போய் விழுவீங்க. நடுவளைவுல பெட்ரோலை மூடினா விழத்தான் செய்யும்னு அப்பா சொல்லுதாங்க. யாரு உங்களை மூடச் சொன்னது?"

"உங்க அத்தான்தான்."

"அத்தானா? அப்படிச் சொல்ல மாட்டாவளே. என்ன சொன்னாவ, சரியாச் சொல்லுங்க."

"வளைவு வந்த உடனே மூடு, மூடுதான் காரியம்னு சொன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு."

அவள் துணியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"என்ன சிரிப்பு?"

"அய்யோ அத்தான், அது மூடுறது இல்ல. மூடு. மலையாளத்துல மூடுன்னா..." என்று சொல்லமுடியாமல், தான் உட்கார்ந்திருந்த மணையைக் கையால் தட்டிக் காட்டினாள். "இது. உட்காருத இடம். வளைவுல அதை உள்பக்கமா நகத்தி உட்காரணும்னு சொல்லியிருக்காவ."

அவள் விடவில்லை. "பிளாமூடு முக்குக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க. பிளாவோட மூடுன்னா பலாமரத்தோட அடி. மரத்துக்கு இருக்குத அடி மனுசனுக்கு இல்லாமலா போயிரும்?"

இரண்டு வருஷமாக அந்த ஊரில் இருக்கிறேன். பிறத்தியார் பேச்சைக் கேட்டே படித்தவன் என்று சொல்லிக்கொண்டவன். பிளாமூடு வழியாகப் போகாத வாரம் கிடையாது.

சிரிப்பு வரவில்லை எனக்கு. அவர் உண்மையைத்தான் சொல்லித் தந்திருக்கிறார், தன் வித்தையில் முக்கியமானதையே எடுத்துத் தந்திருக்கிறார் என்பது, தோல் போன இடத்தைவிட அதிகமாக எரிந்தது. ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். அவர் வீடு மூன்று தெரு தள்ளித்தான். பொழுது இன்னும் இருந்தது. நடந்துபோய், 'அண்ணாச்சி, சுவரைப் பார்க்காதீங்க' என்று நாலு சொல் சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

நான் கொல்லைப்புறத்துக்குப் போய், தாங்கியில் நிறுத்தியிருந்த சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, பின்புறத்தை வலதும் இடதுமாக நகர்த்திப் பழகினேன். மனைவி கொடியில் துணி எடுக்க வந்தவள், "இன்னும் கொஞ்சம்" என்றாள் சிரிப்போடு.

ஞாயிறு காலையில் சம்பார அம்மை வருவதற்கு முன்பே நாங்கள் அங்கே இருந்தோம். டாக்டர் ஒல்லியான மனுஷர், கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். மாமனாரோடு புளியமரத்தடியில் நின்றுகொண்டார். சகலை தன் துண்டால் வண்டியின் சீட்டைத் துடைத்து, "நீங்க ஆத்தியம் போங்க சகலை, பின்னே நான் வரேன். கை பத்திரம்" என்றார். கடைசி நேரத்தில் சொல்ல வாயெடுத்தேன், டாக்டர் கூப்பிட்டுவிட்டார் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நான் வாயெடுக்கவில்லை.

மேலே போய்த் திருப்பிக்கொண்டு இறங்கினேன். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன். முட்டியால் டாங்கை அணைத்தேன். பின்புறத்தைச் சீட்டில் பாதி அளவு வலதுபக்கம் நகர்த்தினேன். அந்த ஒன்றைச் செய்ததும் முதுகின் விறைப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தோள் தானாக இறங்கியது. கை தானாகத் தளர்ந்தது. பெட்ரோலை மூடவும் இல்லை, கூட்டவும் இல்லை. என்ஜின் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தது. அவர் போகும்போதும் இந்தச் சத்தம் இப்படித்தான் மாறாமல் இருந்திருக்கிறது. கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான் அதைக் கேட்டதே இல்லை. நிமிர்ந்து, மறுபக்கம் நகர்ந்து, இடது வளைவு. சுவரை நான் பார்க்கவே இல்லை. அதற்கு அப்பால் ரோடு வெளியேறுகிற இடத்தில், வெற்றிலைக்கொடி ஏறின ஒரு கமுகைப் பார்த்தேன். வண்டி அந்தக் கமுகுக்குப் போயிற்று.

வாழ்க்கையில் முதல்தடவையாக வளைந்தேன். சந்தோஷம் நெஞ்சை முட்டியது. அது அவர் கொடுத்த சந்தோஷம் என்ற நினைப்பும் கூடவே வந்து முட்டியது.

அடுத்து அவர். வலது வளைவில் வந்ததைப் பார்த்ததும் டாக்டர் மரத்தடியிலிருந்து இரண்டு அடி முன்னால் வந்துவிட்டார். நான் செய்தது ஒப்பித்தது, அவர் செய்தது பேச்சு, அவ்வளவு வித்தியாசம். பிறகு இடது வளைவு. நான் வண்டியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். முகம் சுவருக்குப் போயிற்று. டாக்டர் முன்னால் நன்றாகச் செய்ய வேண்டும் என்று கொஞ்சம் வேகமாகவும் வந்துவிட்டார். முன்சக்கரம் பொடிக்கல்லில் ஏறி நடுங்கியது. வலது காலைத் தரையில் ஊன்றி, செருப்புத் தேய, சுவருக்கு ஒரு முழம் முன்னால் புல்லில் போய் நின்றார். விழவில்லை. அவராக இருந்ததால் விழவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டாமத்தவர் போறதைப் பார்த்தா எனக்கு வண்டி வாங்கவே பயமா இருக்கு. முதல்ல போனாரே, அவரைப் பார்த்தா நானும் ஓட்டிரலாம்னு தோணுது" என்றார். மாமனார் என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, நாளைக்குக் காலையில நீங்க மலைக்குக் கிளம்பணும்" என்றார். அவ்வளவுதான். மூன்று மாதமாக நான் கேட்க ஏங்கின சொல்.

டாக்டரை அனுப்பிவைக்க மாமனார் கார்வரைக்கும் போனார். சகலை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "மூடு பிடிச்சிட்டீங்களே சகலை. நான் கண்டேன். எத்தனை நல்லா இருந்துச்சு தெரியுமா."

அதை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"அண்ணாச்சி, எடது வளைவுல நீங்க அந்தச் சுவரைப் பார்க்கிறீங்க. அதான் அங்க போகுது. அதை விட்டுட்டு அந்தக் கமுகைப் பாருங்க."

அவர் சுவரைப் பார்த்தார், கமுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது எப்ப கண்டீங்க?"

"இந்த வாரந்தான்."

"வெள்ளிக்கிழமைக்கு முன்னேயா பின்னேயா?"

"முன்ன."

திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். வண்டியை உதைத்துக் கிளப்பி மேலே போனார்.

இறங்கி வந்தார். வலது வளைவு எப்போதும் போல. இடது வளைவுக்கு மாறும்போது முகத்தைக் கவனித்தேன்: தாடை திரும்பி, கண் நேராகக் கமுகுக்குப் போயிற்று. சுவர் என்று ஒன்று இருப்பதையே அவர் மறந்துவிட்டார். ரோட்டின் உள்ஓரத்தை ஒட்டி, ஒரு கோட்டைத் தடவிக்கொண்டு போவதுபோல் வண்டி போயிற்று. வெளியேறும்போது பெட்ரோலைத் திறந்தார். அந்தச் சத்தம் எனக்கு முதுகுத்தண்டில் ஏறியது. இனிமேல் அவரிடம் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு அவர்மேல் இருந்த ஒரே கைப்பிடியை நானே கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

திரும்பி வந்து என் முன்னால் நிறுத்தினார். கண் இரண்டும் பளபளவென்று இருந்தன. வெள்ளிக்கிழமையை அவர் மறந்துவிட்டாரா, மறந்ததாக வைத்துக்கொண்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கிட்டிப்போச்சு சகலை. இன்னொரு தடவை போயிட்டு வரட்டா?"

வண்டி இப்போது என் பொறுப்பு. அதனால்தான் என்னிடம் கேட்டார்.

"போதும் அண்ணாச்சி. நாளைக்கு மலைக்குப் போகணும். பெட்ரோல் காணாது" என்றேன்.

அவர் உடனே இறங்கிவிட்டார். நான் ஏறி உட்கார்ந்தேன். டாங்கில் முக்கால்வாசிக்கு மேல் இருந்தது.